மேல் நட்டு

நிஸ்தார் வேனுக்கு அடியில் போய்ப் படுத்தால் ஊரில் யாரோ ஒருவருக்கு நேரம் வந்துவிட்டது என்று அர்த்தம். இந்தப் பேச்சை முதலில் கிளப்பிவிட்டது யாரென்று தெரியாது. ஆனால் பலாபத்வலையில் பெரிய ரோட்டை விட்டு உள்ளே ஏறும் அந்தச் சின்ன ஊரில் இதை நம்பாத ஒருவரைக் காட்டுங்கள் பார்ப்போம். அது பள்ளிவாசலுக்குச் சொந்தமான மையித்து வேன். வீட்டிலோ ஆஸ்பத்திரியிலோ மவுத்தானவர்களை ஏற்றிக்கொண்டுபோய் அடக்கம் செய்ய மையவாடியில் இறக்குவதுதான் அதன் வேலை. அதை ஓட்டுவதும் பழுது பார்ப்பதும் நிஸ்தாரின் வேலை.

ஒருமுறை அவன் தன்பாட்டுக்கு வாசலில் வைத்துச் சக்கரம் மாற்றிக்கொண்டிருந்தான். பக்கத்து வீட்டு ஜெஸ்லா ஓடிவந்தாள். அவளுடைய வாப்பா அப்போது காய்ச்சலில் படுத்திருந்தார்.

"எங்க வாப்பா இன்னும் மூச்சோடதான் இருக்கார் நிஸ்தார் நானா. அவ்வளவு அவசரமா உங்களுக்கு?"

அந்த வாப்பா எழும்பி நடமாடி, இன்றைக்கும் முற்றத்தில் மிளகு காயவைத்துக் கோழி விரட்டிக்கொண்டிருக்கிறார். ஆனாலும் ஜெஸ்லா நிஸ்தாரோடு பேசுவதை நிறுத்திவிட்டாள். அன்றிலிருந்து வேன் வேலை எதுவானாலும் வீட்டுக்குப் பின்னால், கராம்பு மரத்துக்கும் கிணற்றுக்கும் இடையில்தான். அதுவும் ஊரில் ஒருவரும் படுக்கையில் இல்லாத நாளாகப் பார்க்க வேண்டும். மனிதர் வாழும் ஊரில் அப்படி நாள் இலேசில் வாய்க்குமா? எண்ணெய் மாற்ற வேண்டிய காலம் வரும், போகும். யாராவது ஒருவர் மூச்சிழுத்துக்கொண்டு கிடப்பார். வேன் பொறுத்துக்கொள்ளும், ஊர் பொறுத்துக்கொள்ளாது. நிஸ்தார் நாளைக்குப் பார்ப்போம் என்று தள்ளிப்போடுவான்.

அவன் முன்பு தம்புள்ளையிலிருந்து மரக்கறி ஏற்றும் லொறி ஓட்டியவன். பள்ளிக்கு இந்தப் பழைய டீசல் வேன் வந்தபோது அதைத் தொட ஊரில் ஒரு டிரைவரும் முன்வரவில்லை. நிஸ்தார் மட்டும், ஏற்றுகிற சாமான் சத்தம் போடாது, அழுகாமல் கொண்டுபோய்ச் சேர்த்தால் போதும் என்று பகிடிவிட்டுச் சாவியை வாங்கிக்கொண்டான். அந்தப் பகிடிக்கு அவன் மனைவி ஜுனைதா அன்று அவனோடு சண்டை பிடித்தாள். "லொறிக்காரனக் கட்டினேன், மையித்துக்காரனோட காலம் தள்ளுறேன்" என்று அதற்குப் பிறகு வருஷக்கணக்காகச் சொல்லிக்காட்டினாள். சொல்லிக்கொண்டே வேனின் பின்பக்கத்தைப் பெருக்குவாள், மையித்தை வைத்துத் தூக்கும் சந்தூக்கின் மேல் போடும் பச்சைத் துணியைத் துவைத்துக் காயப்போடுவாள், அவன் அடியில் படுத்திருக்கும்போது பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்து ஸ்பெனர் எடுத்துக் கொடுப்பாள். எந்த நட்டுக்கு எந்த ஸ்பெனர் என்று அவன் கேட்கவே வேண்டியதில்லை.

வேனின் பின் அச்சுக்கு நடுவில், சின்னப் பூசணிக்காய் அளவில், ஓர் இரும்புப் பெட்டி இருக்கும். டிபரன்சல். அதற்குள் சுற்றும் பற்சக்கரங்களுக்குக் கெட்டியான கியர் எண்ணெய் வேண்டும். பெட்டியின் அடியில் ஒரு நட்டு. அதைக் கழற்றினால் பழைய எண்ணெய் வடியும். பக்கவாட்டில் கொஞ்சம் மேலே இன்னொரு நட்டு. அதன் வழியாகத்தான் புதிய எண்ணெய் போக வேண்டும். இதில் ஒரேயொரு சட்டம்தான் உண்டு. முதலில் மேல் நட்டைக் கழற்றிப் பார்க்க வேண்டும். அது கழன்ற பிறகுதான் கீழ் நட்டில் கை வைக்க வேண்டும். கீழே வடித்துவிட்டு மேலே திறக்க முடியாமல் போனால், வேன் வெறும் பெட்டியோடு நின்ற இடத்திலேயே நிற்கும். ஓட்டினால் பல் கரைந்து போகும். வேன் வந்த புதிதில் நிஸ்தார் அந்த முட்டாள்தனத்தை ஒருமுறை செய்து ஒரு முழுநாள் தவித்தான். அதற்குப் பிறகு "மேல் நட்டு?" என்று கேட்காமல் ஜுனைதா கீழ் நட்டுக்கான ஸ்பெனரைக் கொடுத்ததே இல்லை.

போன வருஷம் ஜுனைதாவுக்குச் சோறு தொண்டையில் இறங்கவில்லை. பிறகு கஞ்சியும் இறங்கவில்லை. கண்டி ஆஸ்பத்திரியில் குழாய் விட்டுப் பார்த்து, உணவுக்குழாயில் கட்டி வளர்ந்திருக்கிறது என்றார்கள். கரண்டு பிடித்தார்கள், மருந்து ஏற்றினார்கள். தலைமுடி போனதே தவிர, வளர்ந்தது போகவில்லை. கடைசியில் மூக்கு வழியாக ஒரு மெல்லிய குழாயை இரைப்பை வரைக்கும் இறக்கி, பெரிய சிரிஞ்சு ஒன்றைக் கையில் கொடுத்து, வீட்டில் வைத்துப் பாருங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். அதற்கு என்ன அர்த்தம் என்று நிஸ்தாருக்கு யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அப்படி அனுப்பப்பட்ட எத்தனை பேரை அவன் பிறகு வேனில் ஏற்றியிருக்கிறான்.

அவளுக்கு உணவு கொடுப்பதை அவன் யாரிடமும் விடவில்லை. உக்குவலையிலிருந்து வந்து கூடவே தங்கிவிட்ட மகள் ஆதிபாவிடமும் விடவில்லை. பிஸ்மில்லாஹ் சொல்லி, வடிகட்டிய சூப்பையோ டின் மாவில் கரைத்த மாப்பாலையோ சிரிஞ்சில் இழுத்து, குழாயில் பொருத்தி, மெல்ல மெல்ல அழுத்துவான். மறுபடி இழுக்கும்போது காற்றுப் போகாமல் குழாயை விரலால் மடித்துப் பிடிப்பான். முடிந்ததும் சிரிஞ்சை வெந்நீரில் கழுவி, அடுத்த வேளைக்கென்று கிளாசில் கவிழ்த்து வைப்பான். லொறிக் கை, முரட்டுக் கை, இதற்கு மட்டும் எப்படியோ பழகிவிட்டது.

ஒருநாள் மாத்தளையிலிருந்து ஒரு மையித்தைக் கொண்டுவந்து சேர்த்துவிட்டு அவன் வீட்டுக்கு வேனை ஏற்றினான். உள்ளே படுத்திருந்த ஜுனைதா, அவன் வந்து செருப்பைக் கழற்றும் முன்பே கேட்டாள்.

"பின்னால ஊளையிடுது. கேட்டீங்களா?"

குழாய் போட்டதிலிருந்து அவள் குரல் கரகரத்துச் சிறுத்துப் போயிருந்தது.

"ரோட்டு மோசம். அந்தச் சத்தம்."

"பொய் சொல்லாதீங்க. டிபரன்சல்ல எண்ணெய் மாத்தி ரெண்டு வருஷத்துக்கு மேல."

"ஊருல நோயாளி இருக்கக்கொள்ள வேன்ல கை வைக்க ஏலாது. தெரியும்தானே."

"எந்த நோயாளி?"

ஊரில் அப்போது படுக்கையில் இருந்தது அவள் ஒருத்திதான்.

"பள்ளிக்குப் போற ஏத்தத்துல என்னைய வச்சிக்கிட்டு வேன் நின்டுறக் கூடாது" என்றாள் ஜுனைதா. "போய் எண்ணெய வாங்கிட்டு வாங்க."

வாங்கி வந்தான். வேனைக் கராம்பு மரத்தடிக்குப் பின்னோக்கி எடுத்து, ஜக்கடித்துத் தூக்கி, கட்டைகள் வைத்தான். முக்காலியில் இருக்க முடியாது என்பதால் ஆதிபா உம்மாவைப் பிடித்துவந்து குசினி வாசலில் கதிரை போட்டு இருத்தினாள். மூக்குக் குழாயின் நுனியை முக்காட்டுக்குள் செருகிக்கொண்டு ஜுனைதா வேனையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளால் ஸ்பெனர் தூக்க முடியாது. கேள்வி கேட்க முடியும்.

"மேல் நட்டு?"

அடியில் படுத்திருந்த நிஸ்தார் மேல் நட்டில் ஸ்பெனரை வைத்திருந்தான். திருகியதும் வழுக்கிக்கொண்டு சுற்றியது. நட்டின் மூலைகள் மழுங்கி உருண்டையாகிவிட்டன. துருவும் பிடித்திருந்தது. போன தடவை இறுக்கும்போதே மழுங்கிவிட்டது, புதியது வாங்கிப் போட வேண்டும் என்று நினைத்தது அப்போதுதான் ஞாபகம் வந்தது. அந்த இடத்தில் அவன் நிறுத்தியிருக்க வேண்டும். ஸ்பெனரைப் போட்டுவிட்டு வெளியே வந்து, மெக்கானிக் பாஸ் ஒருவனைக் கூப்பிட்டிருக்க வேண்டும். பழைய எண்ணெயோடு, ஊளையோடு, வேன் இன்னும் கொஞ்ச நாள் ஓடியிருக்கும்.

"கழண்டுட்டு" என்றான்.

சொல்லிவிட்டுக் கீழ் நட்டைத் திருகினான். எண்ணெய் கறுப்பாக இழுபட்டுப் பேசினில் விழுந்தது. அதற்குள் இரும்புப் பொடி மினுங்கியது. எரிந்த நாற்றம் அடித்தது. வடிந்து முடியும்வரை அவன் முகத்துக்கு மேலே தொங்கும் அந்தப் பெட்டியைப் பார்த்துக்கொண்டு அப்படியே கிடந்தான்.

தெரிந்துதான் செய்தான். வேன் ஓடாவிட்டால் ஜுனைதாவை ஏற்றிக்கொண்டு போக முடியாது. ஏற்ற முடியாவிட்டால் அவள் இங்கேயே இருப்பாள். ஊரின் பாதி மையித்துகளை ஏற்றி இறக்கிய மனிதன், பேரப்பிள்ளை கண்ட மனிதன், சின்னப்பிள்ளை மாதிரி இப்படி ஒரு கணக்குப் போட்டான். சிரிப்பு வந்தால் சிரித்துக்கொள்ளுங்கள். வேனுக்கடியில் அந்த நேரம் அவனுக்கு அது நியாயமாகவே பட்டது.

புதிய எண்ணெயை நாளைக்கு ஊற்றலாம், பெட்டி நன்றாக வடியட்டும் என்று சொல்லி எழும்பினான். கீழ் நட்டைத் திரும்பப் பூட்டினான். எண்ணெய்க் கேனைக் கொண்டுபோய் அறையின் மூலையில், அவளுடைய மாப்பால் டின்னுக்குப் பக்கத்தில் வைத்தான். அடுத்த நாளும் ஊற்றவில்லை. அதற்கடுத்த நாளும் ஊற்றவில்லை. ஜுனைதா ஒன்றும் கேட்கவில்லை. அவள் நன்றாகத்தான் இருந்தாள், கொஞ்சம் முகம் தெளிந்தும் இருந்தாள். கணக்கு சரிவருகிறது என்று நிஸ்தார் உள்ளுக்குள் நம்பத் தொடங்கினான்.

அடுத்த கிழமை தையல்கார அப்துல் ஸமத் கடையில் மெஷினுக்கு முன்னாலேயே சாய்ந்து மவுத்தானார். நோயில்லை, நொடியில்லை. பள்ளி டிரஸ்டி ஸெய்னுலாப்தீன் ஹாஜியார் போன் எடுத்தார்.

"நிஸ்தார், ஸமத் நானா மவுத்தாகிட்டார். வேனக் கொண்டு வாங்க."

"வேன் ஓடாது ஹாஜியார்."

"என்ன சொல்றீங்க?"

"டிபரன்சல் கழட்டி வச்சிருக்கேன்."

ஹாஜியார், பார்ப்போம் என்று மட்டும் சொல்லி வைத்தார். ஏசியிருந்தால்கூட நிஸ்தாருக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

மழை பிடித்துக்கொண்டது. வயலுக்கு உரம் ஏற்றும் லேண்ட் மாஸ்டர் கை டிராக்டரின் பெட்டியைக் கழுவி, தறப்பாள் விரித்து, அதில் சந்தூக்கை வைத்தார்கள். நிஸ்தார் பின்னால் சந்தூக்கின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டே நடந்தான். பள்ளி ஏற்றத்தில் லேண்ட் மாஸ்டர் ஒரு குலுக்குக் குலுக்கியது. சந்தூக்கு பின்னோக்கி வழுகியது. எல்லாரும் கத்திக்கொண்டு கை கொடுத்துத் தாங்கினார்கள். பச்சைத் துணி நனைந்து ஒட்டிக்கொண்டது. ஸமத்தின் மூத்த மகன் பெட்டியில் ஏறி, வாப்பாவின் கால்மாட்டைக் கட்டிப்பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். அவன் நிஸ்தாரை ஒருமுறை பார்த்தான், பிறகு பார்க்கவில்லை. அந்த நேரம் மண் பிளந்து தன்னை விழுங்கினால் நல்லது என்று நிஸ்தாருக்கு இருந்தது.

வீட்டுக்கு வந்து உடுப்பு மாற்றியபோது ஜுனைதா விழித்துக்கொண்டிருந்தாள்.

"லேண்ட் மாஸ்டர் போச்சி. யாரு?"

"ஸமத் நானா."

"இன்னாலில்லாஹி" என்றாள். கண்ணை மூடித் திறந்தாள். "மழையிலயா?"

அவன் தலையாட்டினான். ஜுனைதா மெலிந்த விரலை நீட்டி மூலையைக் காட்டினாள்.

"கேன்ட சீல் உடையல்ல. ஒவ்வொரு நாளும் அதப் பார்த்துக்கிட்டுத்தான் படுத்திருக்கேன். மேல் நட்டு கழரல்ல, என்ன?"

"கழரல்ல."

"தெரிஞ்சிக்கிட்டா கீழ வடிச்சீங்க?"

அவன் கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தான்.

"என்னைய நிப்பாட்டப் பார்த்தீங்களா?"

நிஸ்தார் கட்டில் விளிம்பில் தலையை வைத்து அழுதான். நோய் என்று தெரிந்த நாளிலிருந்து அவன் அழுதிருக்கவில்லை. அன்று சேர்த்துவைத்து அழுதான். ஜுனைதா அவன் ஈரத் தலையில் கையை வைத்துக்கொண்டு, அழுது முடியட்டும் என்று இருந்தாள்.

"நான் போறது வேனப் பார்த்துக்கிட்டு இல்ல" என்றாள் பிறகு. "ஸமத் நானாவ நனைய வச்சிட்டீங்க. அந்தப் பாவத்த முதல்ல கழுவுங்க. என்னையும் ஏத்தத்துல வழுக வைக்காதீங்க."

"மேலால ஊத்த வழியில்ல புள்ள. நட்டு முழுசா மழுங்கிட்டு."

"மேல் வழி அடைச்சா வேற வழி பாருங்க." மூக்கில் ஒட்டியிருந்த குழாயைத் தொட்டுக் காட்டினாள். "எனக்குப் பார்க்கல்லயா?"

அவள் வழக்கமாக விடும் பகிடி என்றுதான் அவன் எடுத்துக்கொண்டான்.

அன்று மாலையே உளியும் சுத்தியலுமாக அடியில் புகுந்தான். அடித்த அடியில் நட்டின் விளிம்பு நொறுங்கியதே தவிர, அசையவில்லை. பலாபத்வலை கராஜ்காரன் ஸப்ரிக்குப் போன் எடுத்தான். அதன்மேல் வேறொரு நட்டை வெல்டிங் பண்ணி ஒட்டித்தான் திருக வேண்டும், நான் தம்புள்ளையில் ஒரு வேலையில் இருக்கிறேன், நாளை மறுநாள் வருகிறேன் என்றான் ஸப்ரி. நிஸ்தார் போனிலேயே கெஞ்சினான். வீட்டுக்கே வந்து வெல்டிங் பண்ணும் வேறு யாரையும் அவனுக்குத் தெரியாது.

மறுநாள் காலை, வழக்கம்போல் பிஸ்மில்லாஹ் சொல்லி மாப்பால் கொடுத்துக்கொண்டிருந்தான். பாதியில் ஜுனைதா முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பினாள். போதுமா என்று கேட்டான். அவளுக்கு மூச்சு இழுபட்டது. ஆதிபா ஓடிவந்து உம்மாவின் காதில் கலிமா சொன்னாள். நிஸ்தார் சிரிஞ்சைப் பிடித்தபடி நின்றான். அதில் மிச்சமிருந்த பால் இறங்கவே இல்லை.

கொஞ்ச நேரத்தில் வீடு நிறைந்துவிட்டது. வானம் இருட்டிக்கொண்டு நின்றது. ஸெய்னுலாப்தீன் ஹாஜியார் நிஸ்தாரை ஓரமாக அழைத்தார்.

"அசர் தொழுகையோட அடக்குவோம். லேண்ட் மாஸ்டர்காரனுக்குச் சொல்லவா?"

"வேணாம் ஹாஜியார். வேன் வரும்."

எப்படி வரும் என்று சொன்ன அவனுக்கே தெரியாது. பின்பக்கம் போய்க் கராம்பு மரத்தடியில் நின்றான். கண்ணைத் துடைக்கக் கைலேஞ்சி தேடிச் சட்டைப்பைக்குள் கைவிட்டபோது சிரிஞ்சு அகப்பட்டது. எப்போது பைக்குள் போட்டான் என்று ஞாபகமில்லை. அதைப் பார்த்துக்கொண்டே நின்றான். அவள் விரலால் மூக்குக் குழாயைத் தொட்டுக் காட்டியது அப்போதுதான் விளங்கியது.

பின் அச்சின் முதுகில் சின்னத் தொப்பி போல ஒன்று இருக்கும். வண்டி ஓடிச் சூடேறினால் உள்ளே உப்பும் காற்று அந்த வழியாகத்தான் வெளியேறும். அதைக் கழற்றினால் சுண்டுவிரல் நுழையாத ஒரு துளை. அதன் வழியாக எண்ணெய் ஊற்ற யாரும் நினைக்க மாட்டார்கள். புனலும் நிற்காது, கையும் போகாது. ஒரு மெல்லிய குழாய் போகும்.

ஆஸ்பத்திரியில் மாற்றுவதற்கென்று கொடுத்த புதிய குழாய் ஒன்று அலமாரியில் இருந்தது. அதை எடுத்து வந்தான். எண்ணெய்க் கேனின் சீலை உடைத்தான். இழுத்துப் பார்த்தான், எண்ணெய் கெட்டியாக இருந்து சிரிஞ்சுக்குள் ஏற மறுத்தது. அப்போது குசினி வாசலில் யாரோ நிற்பது தெரிந்தது. ஜெஸ்லா. மையித்துக் குளிப்பாட்ட வந்தவர்களில் அவளும் ஒருத்தி. கையில் ஆவி பறக்கும் ஒரு வாளி.

"ஆதிபாட உம்மாவக் குளிப்பாட்டக் காய்ச்சின தண்ணி" என்றாள். "கேன இதுக்குள்ள வைங்க, இளகிடும். அடியில போய் வேலையப் பாருங்க நானா, நேரம் போகுது."

வருஷக்கணக்காகப் பேசாதவள். நிஸ்தார் கேனை வாளிக்குள் இறக்கினான்.

உள்ளே ஜுனைதாவின் மேல் தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்டது. வெளியே அவன் வேனுக்கடியில் படுத்து, குழாயைத் துளைக்குள் இறக்கி, பிஸ்மில்லாஹ் சொல்லி அழுத்தினான். மெல்ல மெல்ல. அவசரப்பட்டால் திரும்பி வழியும் என்று நர்ஸ் சொன்னது இதற்கும் சரியாகத்தான் இருந்தது. மறுபடி இழுக்கும்போது விரல் தானாகக் குழாயை மடித்துப் பிடித்தது. இரும்புப் பெட்டிக்குக் காற்றுப் போனால் என்ன, போகாவிட்டால் என்ன? விரலுக்கு அது தெரியவில்லை. உள்ளங்கை கன்றிப்போகும்வரை, கேன் காலியாகும்வரை அழுத்தினான். அழுதுகொண்டேதான் அழுத்தினான், யாரும் பார்க்கவில்லை என்பதால் சத்தமாகவே அழுதான்.

ஜனாஸாவை ஏற்றியதும் அவன்தான் ஓட்டினான். ஹாஜியார் வேறொருவரை ஓட்டச் சொன்னதற்கு அவன் இணங்கவில்லை. பின்னால் ஊளை அப்படியே இருந்தது. தேய்ந்த பல் எண்ணெயால் முளைக்காது. பள்ளி ஏற்றம் வந்தது. ஒரு கணம், ஒரேயொரு கணம், இங்கே நின்றுவிடாதா என்று அவன் மனம் கேட்டது. வேன் நிற்கவில்லை. வழுகாமல், குலுங்காமல் மேலேறி மையவாடி வாசலில் போய் நின்றது.

அடக்கிவிட்டு வந்தபோது மழை தூறத் தொடங்கியிருந்தது. கிணற்றுக்கட்டில் சிரிஞ்சு எண்ணெய் ஒட்டிக் கிடந்தது. நிஸ்தார் அதை எடுத்து, சவர்க்காரத்தூள் போட்டுத் தேய்த்து, வெந்நீரை இழுத்து அழுத்தி, மறுபடி இழுத்து அழுத்தினான். நாற்றம் போகவில்லை. திரும்பவும் கழுவினான். பிறகு அறைக்குக் கொண்டுபோய், மாப்பால் டின்னுக்குப் பக்கத்தில், கிளாசில் கவிழ்த்து வைத்தான்.

கட்டில் விரிப்பை எடுத்துக்கொண்டிருந்த ஆதிபா அதைப் பார்த்தாள்.

"இது எதுக்கு வாப்பா?"

"அடுத்த வேளைக்கு" என்றான் நிஸ்தார். சொன்ன பிறகுதான் அது அவன் காதிலேயே விழுந்தது.